கருத்துப் பெட்டி காலியாக இருந்தால், நீங்களே போன் போடுங்கள்

கேள்வி: நகராட்சி ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். பிறப்புச் சான்று, சொத்து வரிப் பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு என்று மாதம் 400 விண்ணப்பங்கள் வருகின்றன. மக்கள் கருத்தை அறிய வாசலில் பெட்டி வைத்தோம், கியூஆர் அட்டை ஒட்டினோம். ஆறு மாதத்தில் வந்தவை 31 பதில்கள். அதில் 28 ஐந்து நட்சத்திரம். வார்டுக்குள் போனாலோ புகார் கொட்டுகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: அந்த 28 பதில்களை முதலில் ஒதுக்கி வையுங்கள், அம்மா. நாளைக்கு இன்னொரு வேலையாக அதே மேசைக்கு வர வேண்டியவர், எழுத்தர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு எதை அமுக்குவார்? மூன்று முறை அலைந்து வெறுங்கையோடு திரும்பியவர் உங்கள் கியூஆர் அட்டை முன்னால் நிற்கவே மாட்டார்.

நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்திலும் பெட்டி இருந்தது. சாவி யாரிடம் என்று தெரியாமல் ஒருநாள் பூட்டை உடைத்தோம். பஸ் டிக்கெட், மிட்டாய்த் தாள், நடுவே ஒரே ஒரு மனு: காத்திருக்கும் இடத்தில் மின்விசிறி ஓடவில்லை என்று. வெளியே வந்து பார்த்தேன். அன்றும் ஓடவில்லை.

கருத்து தானாக வரும் என்று காத்திருக்காமல், வேலை முடித்துப் போனவரை நாமே தேடிப் போவதுதான் வழி. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், ஜங் மாவட்ட நிர்வாகத் தலைவராக இருந்த சுபைர் பட்டி 2008 வாக்கில் இதைச் செய்தார். நிலப் பதிவு செய்யும் எழுத்தர்கள் அன்றாடம் யார் யாருக்கு வேலை முடித்தார்கள், கட்டணம் எவ்வளவு, வந்தவர்களின் செல்போன் எண் என்ன என்று பட்டியல் தர வேண்டும். அதில் சிலரை அவரே அழைத்து, 'வேலை முடிந்ததா, கூடுதலாக ஏதாவது கேட்டார்களா' என்று விசாரித்தார். பிறகு இது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. முதலமைச்சரின் பதிவு செய்த குரல், அடுத்து குறுஞ்செய்தி, பதில் தராதவர்களுக்குக் கால் சென்டர் என்று பெரிய ஏற்பாடாகவே ஆனது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு போன், ஒரு நோட்டு, இரண்டு பேர் போதும்.

பத்து விண்ணப்பத்துக்கு ஒருவர் என்றால் மாதம் 40 பேர், ஒரு வேலை நாளுக்கு இரண்டு அழைப்பு. யாரை அழைப்பது என்பதைப் பிரிவு எழுத்தர் முடிவு செய்யக் கூடாது. விண்ணப்ப எண்ணின் கடைசி இலக்கத்தை வாரத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி எடுங்கள். போனை எடுக்காதவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குத் தாவாதீர்கள். வெவ்வேறு நேரத்தில் மூன்று முறையாவது முயல வேண்டும். இல்லாவிட்டால் பகலில் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டுமே சேரும். கூலி வேலைக்குப் போகிறவர் மாலை ஆறு மணிக்கு மேல்தான் பேசுவார்.

கேள்விதான் பலரும் கோட்டை விடும் இடம். 'சேவை திருப்தியாக இருந்ததா?' என்று கேட்டால், அரசு அலுவலகத்திலிருந்து பேசுகிறார்கள் என்ற மரியாதைக்கே 'நல்லாத்தாங்க இருந்துச்சு' என்று சொல்லிவிடுவார்கள். நடந்ததைக் கேளுங்கள்: எத்தனை முறை ஆபீசுக்கு வந்தீர்கள்? சான்று கைக்கு எந்தத் தேதியில் கிடைத்தது? ரசீதில் இருக்கும் தொகை போக வேறு செலவு ஆச்சா? கடைசிக் கேள்வியில் லஞ்சம் என்ற சொல் வரவே கூடாது. 'வேறு செலவு' என்றால், டீ செலவு என்று கொடுத்ததும் தரகருக்குக் கொடுத்ததும் சேர்ந்தே வெளியே வரும்.

அழைப்பின் முதல் வாக்கியத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நகராட்சியிலிருந்து போன் என்றாலே வரி பாக்கிக்குத்தான் என்று பயப்படுவார்கள்; ஓடிபி மோசடியோ என்றும் நினைப்பார்கள். 'வரி விஷயம் இல்லைங்க, ஓடிபி எதுவும் கேட்க மாட்டோம், உங்கள் பெயர் அந்தப் பிரிவுக்குப் போகாது' என்று ஆரம்பிக்க வேண்டும். சொன்னபடி பெயரைக் காப்பாற்றவும் வேண்டும். ஒருவர் பெயர் கசிந்தாலும் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. ஒரே செல்போன் எண் பத்துப் பதினைந்து விண்ணப்பங்களில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது பெரும்பாலும் தரகருடையது, இல்லையென்றால் எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் சென்டருடையது. மக்கள் எந்த வேலைக்கு உங்களை நேராக அணுக முடியவில்லை என்பது, யாரையும் அழைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொறி வைத்துப் பிடிக்கவா போகிறோம்? 2018இல் விவசாயிகளுக்குச் சாகுபடிச் செலவுக்குக் காசோலை தந்த தெலங்கானாவின் ரைத்து பந்து திட்டத்தில், விவசாயிகளைப் போனில் விசாரிக்கப் போகிறோம் என்று குலுக்கல் முறையில் தேர்ந்த மண்டல்களின் (நம் வட்டம் போன்ற பகுதிகளின்) அதிகாரிகளிடம் மட்டும் முன்னதாகச் சொன்னார்கள். அங்கே காசோலை போய்ச் சேர்ந்தது மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடியது. கூடியது சிறிதளவுதான் என்றாலும் போன் செலவு அதைவிட மிகச் சொற்பம்.

புகார் வந்த பிறகு யார் அதை முடித்து வைப்பது? நம் மனுக்களில் 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதுபவர், பல சமயம் யார் மீது புகாரோ அவரேதான். நாள் கெடு மட்டும் வைத்தால் இந்தப் பொய் முடிப்பு இன்னும் கூடும். மத்திய அரசின் இணையவழிப் புகார் தளமான சிபிகிராம்ஸில் 2022இல் ஒரு கால் சென்டர் வைத்து, மனு முடிந்தபின் மனுதாரரை அழைத்துக் கேட்கிறார்கள். திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம். பீகாரின் 2015ஆம் ஆண்டுக் குறைதீர்ப்பு உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேல்: மனுதாரரையும் துறை அலுவலரையும் ஒரே அறையில் வைத்து விசாரித்து 60 வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். உங்கள் அளவில், மனுதாரர் 'முடிந்தது' என்று போனில் சொன்னால்தான் கோப்பு மூடப்படும் என்ற ஒரு விதி போதும்.

கிடைத்த எண்களை அவசரப்பட்டு அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டாம். ஒரு பிரிவுக்கு மாதம் எட்டு அழைப்பு என்றால், அதில் ஒருவர் மாற்றிச் சொன்னாலே பன்னிரண்டு சதவீதம் ஆடும். மூன்று மாதம் சேர்த்துப் பாருங்கள். பிறகு தயங்காமல் ஒட்டுங்கள், தொடர்ந்து ஒட்டுங்கள். பெங்களூரில் சாமுவேல் பால் தொடங்கிய பொது விவகார மையம் என்ற தன்னார்வ அமைப்பு, மக்களைக் கேட்டு நகரச் சேவைகளுக்கு மதிப்பெண் அட்டை போட ஆரம்பித்தது 1994 வாக்கில். 1999இல் இரண்டாவது முறை அளந்தபோதும் பெரிய மாற்றமில்லை. தெளிவான முன்னேற்றம் தெரிந்தது 2003இல், மூன்றாவது அட்டையில்தான். உங்கள் ஆணையர் இரண்டாவது மாதமே பலன் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பெட்டியை எடுத்துவிட வேண்டாம். பெயர் சொல்ல முடியாதவருக்கு வேறு இடமில்லை. எழுத்தர் கண்ணில் படாத மூலைக்கு மாற்றி, சாவியை வேறு பிரிவில் கொடுத்து, வெள்ளிக்கிழமைதோறும் திறக்கச் சொல்லுங்கள்.