இந்திய கிரிக்கெட் வீரர் ரவீந்திர ஜடேஜா பேட்டிங், பௌலிங் ரெண்டும் தெரிஞ்ச உண்மையான பெரிய ஆல்ரவுண்டரா, இல்ல ஐபிஎல்ல சென்னை டீம்ல ஆடுனதால வந்த பேரா?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆகணும், ஏன்னா ஜடேஜாவ நான் முதல்ல பாத்தது சென்னையோட மஞ்சள் சட்டையில இல்ல, நம்ம மலேசியாவுல, கின்ராரா ஓவல் மைதானத்துல.

2008 மார்ச் 2, ஞாயித்துக்கிழம. அண்டர் 19 உலகக் கோப்பை ஃபைனல், இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். நான் அப்ப படிவம் மூணு. பெரியப்பாதான் செந்தூல்ல இருந்து காடியில ஏத்திட்டுப் போனாரு, அடுத்த சனிக்கிழம பொதுத்தேர்தல்ங்கிறதால போற வழியெல்லாம் கட்சிக்கொடி. கேப்டன் கோலி, வைஸ் கேப்டன் ஜடேஜா. இந்தியா 159க்கே ஆல் அவுட், அப்புறம் மழை வந்து தென்னாப்பிரிக்காவுக்கு 25 ஓவர்ல 116ன்னு குறைச்சாங்க, 103ல நின்னுட்டாங்க. ஜடேஜாவுக்கு 2 விக்கெட். ஆனா பெரியப்பா சொன்னது வேற: "அந்தப் பையன் நிக்கிற பக்கம் அடிச்சா எவனும் ரெண்டாவது ரன் ஓட மாட்டேங்கிறான் பாத்தியா." நர்ஸா இருந்த அம்மாவ 2005ல பறிகொடுத்த பையன், அப்பாவுக்கு செக்யூரிட்டி வேலை, இதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரியும்.

சென்னை அவர ஏலத்துல எடுத்தது 2012ல, 20 லட்சம் டாலர். அப்ப பேரு முதல்ல வந்துச்சா ஆட்டம் முதல்ல வந்துச்சான்னு நீங்களே பாத்துக்கலாம். டெஸ்ட்ல 4000 ரன்னும் 300 விக்கெட்டும் சேர்த்து எடுத்தவங்க கபில், போத்தம், வெட்டோரி, நாலாவதா இவரு. 2022 மொஹாலியில இலங்கைக்கு எதிரா 175 நாட் அவுட், அதே மேட்ச்ல 9 விக்கெட். சௌராஷ்டிராவுக்கு உள்ளூர் ரஞ்சிக் கோப்பையில மூணு டிரிபிள் செஞ்சுரி அடிச்சவர பேட்டிங் தெரியாதவர்னு எப்படிங்க சொல்றது? பௌலிங்லயும் பெரிய வித்தை எதுவும் காட்ட மாட்டாரு, ஒரே இடத்துல போட்டுக்கிட்டே இருப்பாரு, ஒரு பந்து திரும்பும், அடுத்தது அதே மாதிரி வந்து நேரா போயிரும், எது எதுன்னு பேட்ஸ்மேனுக்குப் புரியுறதுக்குள்ள ஓவரே முடிஞ்சிரும். இந்தியாவுல போய் ஆடுற டீம் எல்லாம் மாட்டிக்கிறது இதுலதான்.

சென்னை விஷயத்துல எனக்கு மனசு உறுத்துற ஒண்ணு இருக்கு. 2023ல தோனி பேட்டிங்க பாக்கணும்னு ஜடேஜா அவுட் ஆகுறதுக்காகவே கூட்டம் காத்திருந்துச்சு, அவரே அத வெளிப்படையா சொன்னாரு. பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில தே தாரிக்க வச்சுக்கிட்டு நானும் கூட்டாளிங்களோட சேர்ந்து "போதும், அவுட் ஆயிரு"ன்னு கத்தியிருக்கேன். அந்த சீசன் ஃபைனல் மழையால ஒரு நாள் தள்ளிப்போச்சு, மறுநாளும் மழை, நமக்கு விடியக்காலை நாலு மணி ஆயிருச்சு. கடைசி 2 பந்துல 10 ரன் வேணும், மோஹித் சர்மா பௌலிங், ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். தோனி அவர அப்படியே தூக்கிட்டாரு. கடையே எந்திரிச்சு ஆடுது, நான் மட்டும் உக்காந்துட்டேன், கத்துனதெல்லாம் ஞாபகம் வந்து கண்ணு கலங்கிருச்சு.

ஆனா அவரோட பெரிய ஆட்டம் எதுன்னு கேட்டா நான் அந்த பத்து ரன்ன சொல்ல மாட்டேன், தோத்த மேட்ச் ஒண்ணத்தான் சொல்வேன். அதுக்கு முன்னாடி 2009 டி20 உலகக் கோப்பைய சொல்லணும். லார்ட்ஸ்ல இங்கிலாந்து கூட மேட்ச், ஜடேஜா 35 பந்துல 25, இந்தியா 3 ரன்ல தோத்துச்சு, இருபது வயசுப் பையன் ஒருத்தன் தலையில மொத்தப் பழியும் விழுந்துச்சு. மெதுவா ஆடுனான்னு.

பதினாறு வருஷம் கழிச்சு அதே லார்ட்ஸ், அதே இங்கிலாந்து, 2025 ஜூலை டெஸ்ட் மேட்ச். ஜெயிக்க 193 வேணும், 112க்கு 8 விக்கெட் போயிருச்சு. நான் டிவிய அணைக்கப் போனேன், பெரியப்பா விடல. "அவன் இருக்கான்ல, உக்காரு." பும்ரா 54 பந்து நின்னாரு, அப்புறம் சிராஜ் 30 பந்து, ரெண்டு பேரும் பௌலருங்க, அவங்க அதிகம் பந்த சந்திக்காம பாத்துக்கிட்டு ஒவ்வொரு ஓவரா ஜடேஜா இழுத்துட்டுப் போறாரு, ஒரு ரன்ன எடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சு யோசிச்சு. இங்க நடுராத்திரி ஆகப்போகுது, யாரும் தூங்கல. பஷீர் போட்ட பந்த சிராஜ் நல்லாத்தான் தடுத்தாரு, அது கீழ விழுந்து மெதுவா உருண்டு போய் ஸ்டம்ப்ல பட்டு பெயில் விழுந்துச்சு. 22 ரன்ல தோல்வி. ஜடேஜா 181 பந்துல 61, நாட் அவுட். எதிர்ப்பக்கம் அப்படியே நின்னுட்டு இருந்தாரு. பெரியப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "கின்ராராவுல பாத்த அதே பையன்டா"ன்னு மட்டும் சொன்னாரு.