ஏர்பேக் இருக்கும் காரில் சீட் பெல்ட் எதற்கு? பின் சீட்டில் இருப்பவரும் போட வேண்டுமா?

ஏர்பேக் உள்ள காரில், ஊருக்குள் ஐம்பதைத் தாண்டாமல் போகும்போது, அதுவும் பின் சீட்டில் பெல்ட் தேவையா என்பது கேள்வி. தேவை. எந்த சீட்டிலும், எவ்வளவு குறைந்த தூரத்துக்கும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் இதே வேகத்தில்தான் தரையில் மோதுகிறார். இந்த வேகத்தில் கார் சுவரில் இடித்தால், முன்பக்கம் அரை மீட்டருக்கு மேல் நசுங்கி அந்தத் தூரத்துக்குள் நிற்கும். ஆனால் பெல்ட் போடாதவரின் உடலைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அது பழைய வேகத்திலேயே போய் டேஷ்போர்டிலோ கண்ணாடியிலோ மோதி, சில சென்டிமீட்டருக்குள் நிற்கிறது. 70 சென்டிமீட்டரில் நிற்கும் உடல் தன் எடையைப்போல் சராசரியாக 14 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 10 சென்டிமீட்டரில் நின்றால் அது ஏறக்குறைய 100 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் கணக்கில் 840 கிலோ, இரண்டாவதில் 6 டன். பெல்ட் உங்களைக் காரோடு சேர்த்துக் கட்டிவிடுவதால், கார் நசுங்கி நிற்கும் தூரம் உங்களுக்கும் கிடைக்கிறது. கையை ஊன்றிச் சமாளிக்கலாம் என்பவர்கள் அந்த 840 கிலோவை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஏர்பேக் பெல்ட்டுக்கு மாற்று அல்ல, துணை. மோதலை உணர்ந்ததும் ஏறத்தாழ 30 மில்லி நொடியில் அது விரிகிறது. உடனே துளைகள் வழியாக வாயு வெளியேறத் தொடங்குகிறது. முழுதாக விரிந்த பையில் தலையும் மார்பும் வந்து அமர வேண்டும் என்பதுதான் கணக்கு. பெல்ட் போடாதவர் மோதலுக்கு முந்தைய பிரேக்கிலேயே முன்னால் சரிந்துவிடுவார். அப்போது, விரிந்துகொண்டிருக்கும் பை அவர் முகத்திலும் கழுத்திலும் அறையும். பெல்ட் போட்டிருந்தாலும் மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். கார் உருளும்போது ஆளை வெளியே தூக்கி எறியாமல் பிடித்து வைப்பதும் முக்கியமாக பெல்ட்தான்.

பின் சீட்டில் பெல்ட் போடாதவர் முன் சீட்டின் முதுகில் போய் மோதுவார். முன்னால் பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருப்பவரையும் அந்த எடை நசுக்கிவிடும்.

போடும் விதத்துக்கு வருகிறேன். அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். இன்றைய மூன்று முனை பெல்ட்டை 1959-இல் வால்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் கொண்டுவந்தார். அந்த வடிவத்தின் சிறப்பே, விசையை இடுப்பெலும்பு, விலா எலும்புகள், காறை எலும்பு ஆகியவற்றின் மேல் பரப்புவதுதான். ஆகவே முதலில் பின்பக்கம் சீட்டோடு ஒட்டும்படி உட்காருங்கள். இடுப்புப் பட்டையைத் தொடை தொடங்கும் இடத்தில், தொப்பைக்குக் கீழே இறக்குங்கள். விரலால் அழுத்தினால் பட்டைக்கு அடியில் இடுப்பெலும்பு தட்டுப்பட வேண்டும். வயிற்றின்மேல் கிடக்கும் பட்டை மோதலில் குடலையும் கல்லீரலையும் கிழித்துவிடக்கூடும். பிறகு தோள் பட்டையை மேல்நோக்கி இழுத்துத் தொய்வை எடுங்கள். அது கழுத்தில் உரசாமல், தோள் நுனியில் நழுவாமல், காறை எலும்பின் நடுவில் படியட்டும். பல கார்களில், கதவை ஒட்டிய தூணில் உள்ள பெல்ட்டின் மேல் முனையை ஏற்றி இறக்க முடியும்.

தொய்வு ஏன் ஆகாது? 5 சென்டிமீட்டர் தொய்வு இருந்தால், உங்களுக்குக் கிடைக்க வேண்டிய நிற்கும் தூரத்தில் அந்த 5 சென்டிமீட்டர் வீண். பல கார்களில் இதற்காகவே பிரிடென்ஷனர் இருக்கிறது. மோதிய கணத்தில் சிறு வெடிமருந்து எரிந்து பட்டையைச் சில சென்டிமீட்டர் உள்ளே இழுக்கும். தடித்த ஜாக்கெட், பட்டை இறுக்காமலிருக்க மாட்டும் கிளிப், சாய்த்துப் போட்ட சீட் எல்லாமே இந்த ஏற்பாட்டைக் கெடுக்கும். சீட்டைச் சாய்த்துப் படுத்தால் தோள் பட்டை மார்பை விட்டு விலகி நிற்கும். உடல் இடுப்புப் பட்டைக்கு அடியில் வழுக்கிப் போய்விடும். தோள் பட்டையை அக்குளுக்குக் கீழே விடுவது விலா எலும்பை உடைக்கும். அலாரம் அடிக்காமலிருக்க பக்கிளில் செருகும் போலி நாக்குத்தான் இவற்றில் ஆக மோசம். யாரும் கட்டப்படாத நிலையில், கட்டியிருப்பதாகக் காரே நம்பிவிடும்.

கர்ப்பிணிகள் இடுப்புப் பட்டையை வயிற்றுக்குக் கீழேயும், தோள் பட்டையை மார்பகங்களுக்கு நடுவே வயிற்றின் பக்கவாட்டிலும் விட வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளவே கூடாது. மேலே சொன்ன 14 மடங்கில் 10 கிலோ குழந்தை 140 கிலோவாக இழுக்கும். எந்தத் தாயின் பிடியும் அதற்கு நிற்காது. ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டால், பெரியவரின் எடை குழந்தையை நசுக்கும். கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த சீட். வளர வளர அளவுக்கேற்ற சீட். ஏறத்தாழ 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பூஸ்டர், அதாவது பெல்ட் சரியாகப் படியும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை.

தீப்பிடித்தாலோ தண்ணீரில் விழுந்தாலோ பெல்ட் சிக்கவைத்துவிடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. அப்படி நடப்பது மிகவும் அரிது. நடந்தாலும், பெல்ட் போட்டவர்தான் நினைவோடு இருந்து பொத்தானை அழுத்தி வெளியேற வாய்ப்பு அதிகம்.

மாதம் ஒருமுறை பட்டையை முழு நீளத்துக்கும் மெதுவாக வெளியே இழுத்து, ஓரம் பிசிறியிருக்கிறதா, வெட்டு இருக்கிறதா, முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வெடுக்கென இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். விட்டால் தானாகச் சுருண்டு உள்ளே போக வேண்டும். அழுக்கினால் சோம்பிச் சுருண்டால் மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் உலரவிட்டுப் பிறகு உள்ளே விடுங்கள். ப்ளீச் நூலிழையைப் பலவீனமாக்கும். பழைய கார் வாங்கும்போது, பட்டை தோள் வளையத்துக்குள் நுழையும் இடத்தில் உருகிய தடமோ அலையாக நெளிந்த துணியோ தெரிந்தால், அது ஏற்கெனவே ஒரு மோதலைத் தாங்கிய பெல்ட்டாக இருக்கலாம். அதைத் தைத்தோ துவைத்தோ பயன்படுத்தக் கூடாது. பட்டை, சுருள், பக்கிள் மூன்றையும் மாற்ற வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாவிட்டால் பிரிடென்ஷனர் வேலை செய்யாமலும் போகலாம், உடனே காட்டுங்கள்.