பழைய மில்லிங் மெஷினும் சி.என்.சி. ஆசையும்: கேள்வி பதில்

கொழும்பு பழைய சோனகத் தெருப் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கையால் சுற்றும் மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தை வெட்டும் மெஷின்) மூன்றைக் கணினி ஓட்டும்படி, அதாவது சி.என்.சி.யாக, மாற்றியிருக்கிறேன். இரண்டு நன்றாக ஓடுகிறது. மூன்றாவதைப் பற்றியும் சொல்கிறேன், கேளுங்கள்.

கிராண்ட்பாஸிலிருந்து: அண்ணா, அப்பா காலத்து மில் ஒன்று கிடக்கிறது. மாற்றலாமா, பழைய இரும்புக்குப் போடலாமா?

1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஓட்டிக் காட்டிய முதல் எண் கட்டுப்பாட்டு (சி.என்.சி.யின் முன்னோடி) மில்லே புதிதாகச் செய்ததல்ல தம்பி. சின்சினாட்டி ஹைட்ரோடெல் என்ற மெஷினை வாங்கி மாற்றியதுதான். பழசு என்பது குற்றமில்லை, தேய்மானம்தான் குற்றம். மேசையை நடுவில் வைத்து, ஆட்டம் இல்லாத அளவுக்குக் கிப்பை (மேசை வழுக்கும் தடத்தில் உள்ள இறுக்கும் பட்டையை) இறுக்குங்கள். பிறகு இரண்டு ஓரத்துக்கும் சுற்றிப் பாருங்கள். ஓரத்தில் பிடித்துக்கொண்டால் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. அதை எந்தக் கணினியும் சரிசெய்யாது. ஓரம்வரை ஒரே கனத்தில் சுற்றினால் இரும்புக்காரனிடம் பேசாதீர்கள்.

தெமட்டகொடையிலிருந்து: போல் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும், ஆட்டமில்லாத ஸ்க்ரூ) விலை கட்டுப்படியாகவில்லை. இருக்கிற ஸ்க்ரூவிலேயே மோட்டார் பூட்டினால்? பிளேயை (ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையிலான ஆட்டத்தை) சாஃப்ட்வேரே சரிசெய்யுமாமே?

என் மூன்றாவது மெஷின் அந்த நம்பிக்கையில் செய்ததுதான். டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், 0.35 மி.மீ. பிளே. அந்த எண்ணைச் சாஃப்ட்வேரில் போட்டேன். துளை போடும் வேலை அருமையாக வந்தது. வட்டம் வெட்டினேன், மோட்டார் திசை மாறும் நான்கு இடத்திலும் நகத்தால் தடவினால் தட்டுப்படும் சின்னப் படி ஒன்று வந்தது. அதோடு விட்டிருக்கலாம். வெட்டிய முகம் வழவழப்பாக வரட்டும் என்று க்ளைம் கட் (கட்டரின் பல் சுழலும் திசையிலேயே மேசை நகரும் வெட்டு) போட்டேன். கட்டர் மேசையையே தன் பக்கம் இழுத்துக்கொண்டது, 10 மி.மீ. எண்ட் மில் கட்டர் படீரென்று ஒடிந்து சுவரில் போய் அடித்தது.

மோட்டார் எந்தப் பக்கம் திரும்பியது என்றுதான் சாஃப்ட்வேருக்குத் தெரியும். நட்டுக்குள் இருக்கிற இடைவெளியில் மேசை வழுக்கிப் போவதைப் பிடித்து நிறுத்த அதற்குக் கை கிடையாது. துளை மட்டும் போடுவதென்றால் பழைய ஸ்க்ரூ போதும். வெட்டுவதென்றால் போல் ஸ்க்ரூதான். உருட்டிச் செய்த சி7 துல்லியத் தரத்தில் 300 மி.மீ.க்கு 0.05 மி.மீ.தான் பிழை, நம் வேலைக்கு அது தாராளம். இன்னொன்று: நல்ல போல் ஸ்க்ரூ வாங்கிவிட்டு, அதன் முனையில் சாதாரண பெயாரிங் போடுகிறார்கள். பிளே முனைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நீளவாக்கில் வரும் தள்ளலையும் தாங்கும் அங்குலர் கொன்டாக்ட் பெயாரிங் இரண்டை எதிரெதிராக வைத்து இறுக்க வேண்டும்.

வத்தளையிலிருந்து: எந்த மோட்டார், எந்த ட்ரைவர்?

மேசை மேல் வைக்கும் சின்ன மில்லுக்கு நெமா 23 (மோட்டாரின் முகத்தட்டு அளவு) ஸ்டெப்பர் மோட்டார். ஆளுயர மெஷினுக்கு நெமா 34. டி.எம்.556 ட்ரைவருக்கு (மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் பெட்டி) உச்சம் 50 வோல்ட், அதனால் எல்லோரும் 48 வோல்ட் பவர் சப்ளை வாங்குகிறார்கள். கனமான மேசை திடீரென்று நிற்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி வோல்டேஜைத் திருப்பித் தள்ளும். எல்லை தாண்ட 2 வோல்ட் போதும். நான் 36தான் போடுகிறேன். மெஷின் ஓன் ஆக இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றாதீர்கள், ட்ரைவர் அந்த நிமிடமே போய்விடலாம்.

கணக்கு இலகு: மோட்டார் சுற்றுக்கு 200 ஸ்டெப், ட்ரைவர் ஒவ்வொன்றையும் எட்டாகப் பிரித்தால் 1600. ஸ்க்ரூ சுற்றுக்கு 5 மி.மீ. நகர்ந்தால், 1 மி.மீ.க்குக் கணினி 320 பல்ஸ் அனுப்ப வேண்டும்.

கணினியும் சாஃப்ட்வேரும்?

பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் பொருத்தும் இடம்) உள்ள பழைய டெஸ்க்டொப், அதில் லினக்ஸ் சி.என்.சி. இலவசம். கணினியை வாங்குவதற்கு முன் அந்த சாஃப்ட்வேரின் லேட்டன்சி டெஸ்டை (கணினி எவ்வளவு தாமதிக்கிறது என்று பார்க்கும் சோதனை) ஓட்டிப் பாருங்கள். லெப்டொப் வேண்டாம்.

தெஹிவளையிலிருந்து: வீட்டில் சிங்கிள் பேஸ். ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) மோட்டார் த்ரீ பேஸ்.

வி.எஃப்.டி. போடுங்கள், சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக்கித் தரும் பெட்டி அது. மோட்டார் தகட்டில் 230/400 என்று இருந்தால் டெல்டாவில் (மூன்று சுருளையும் முக்கோணமாக) இணைத்து ஓட்டலாம். ஆனால் வி.எஃப்.டி. பக்கத்து வயர்களில் மின் இரைச்சல் போடும் சாமான். எனக்கு ஸ்பிண்டில் ஓன் செய்தவுடன் யாரும் தொடாத லிமிட் சுவிட்ச் (மேசை ஓரத்துக்கு வந்ததும் மெஷினை நிறுத்தும் சுவிட்ச்) அடித்து மெஷின் நின்றுகொண்டே இருந்தது. இரண்டு நாள் சுவிட்சை மாற்றி மாற்றிப் பார்த்தேன். குற்றம் சுவிட்சின் வயரில்: அதை ஸ்பிண்டில் வயரோடு ஒரே குழாயில் விட்டிருந்தேன். பிரித்து, ஷீல்ட் வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ததும் அடங்கியது. லிமிட் சுவிட்சை நோர்மலி க்ளோஸ்ட் (தொடாதபோது கரண்ட் ஓடும், தொட்டால் அறும் விதம்) ஆகவே இணையுங்கள். எலி வயரைக் கடித்தாலும் மெஷின் நிற்கும்.

வெள்ளவத்தையிலிருந்து: கடற்காற்றில் ஸ்க்ரூ துருப்பிடிக்காதா?

பிடிக்கும். வேலை முடிந்ததும் ஸ்லைட்வே ஒயில் (மேசை வழுக்கும் தடத்துக்கான எண்ணெய்) தடவுங்கள், ரப்பர் மடிப்புறை போடுங்கள். தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டை இரவு முழுக்க மேசையில் தேங்க விடாதீர்கள்.

மீண்டும் கிராண்ட்பாஸ்: எதில் காசை மிச்சம் பிடிக்கலாம் அண்ணா?

கணினியில், கன்ட்ரோல் பெட்டியில், மோட்டார் பிடிக்கும் தகடுகளில். ஸ்க்ரூ, முனைப் பெயாரிங், எமர்ஜென்சி சுவிட்ச் மூன்றிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். கரண்ட் போய் வந்தால் ஸ்பிண்டில் தானாகச் சுற்றத் தொடங்காதபடி கொன்டாக்டர் (காந்த சுவிட்ச்) ஒன்றும் வேண்டும். தகடுகளையெல்லாம் அந்த மில்லிலேயே வெட்டித் துளைபோட்டு முடித்த பிறகு பழைய ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். நான் முதலில் கழற்றிவிட்டு, நான்கு துளைக்காகப் பக்கத்துப் பட்டறை வாசலில் மூன்று நாள் நின்றேன்.