15 வருஷமாக மோதலே இல்லை, அப்புறம் எதற்கு ராடார்?

கேள்வி: துறைமுகம் ஒன்றின் திட்டப் பிரிவில் இருக்கிறேன். போக்குவரத்துக் கண்காணிப்பு அறைக்கு இன்னொரு ராடாரும், இரவு ஷிப்டுக்குக் கூடுதல் ஆட்களும் கேட்டோம். ஆண்டுக்கு 4 கோடி ரூபாய் ஆகும். "15 வருஷமாக ஒரு மோதலும் இல்லையே" என்று மேலிடம் கோப்பைத் திருப்பிவிட்டது. எப்படிக் கணக்குக் காட்டுவது?

பதில்: முதலில் அந்த 15 வருஷத்தையே பிரித்துப் பார்ப்போம். சராசரியாக 20 வருஷத்துக்கு ஒரு மோதல் நடக்கக்கூடிய கப்பல் வாய்க்கால் என்று வையுங்கள். அதில் 15 வருஷம் எதுவுமே நடக்காமல் போக 47 சதவீத வாய்ப்பு உண்டு. விபத்துப் பதிவேட்டைப் புரட்டினால் இது பிடிபடாது.

அதனால் இந்தத் துறையில் நெருக்கங்களை எண்ணுவார்கள். ஓராண்டு ஏஐஎஸ் (கப்பல் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் கருவி) தடங்களை எடுத்து, இரு கப்பல்களும் சுக்கானைத் திருப்பாமல் போயிருந்தால் எத்தனை முறை இடித்திருக்கும் என்று பாருங்கள். 1970-களில் ஜப்பானிய நீரிணைகளில் ஃபூஜியும், டோவர் நீரிணையில் மக்டஃபும் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த தோராயம், அப்படிப்பட்ட 10,000 நெருக்கங்களில் ஒன்று நிஜ மோதலாகும் என்பது. உங்களிடம் ஆண்டுக்கு 500 என்றால் 20 வருஷத்துக்கு ஒன்று. போக்குவரத்து இரட்டிப்பானால் நெருக்கங்கள் ஏறக்குறைய நான்கு மடங்காகும். கப்பல் வருகையை மட்டும் எண்ணும் அறிக்கைகள் கோட்டை விடுவது இங்கேதான்.

மீனவர்களின் ஃபைபர் படகுகள் பெரும்பாலும் ஏஐஎஸ்ஸில் வராது, அதனால் இந்த எண்ணிக்கையிலும் வராது. கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட்டோடு ஒரு ராத்திரி போய்ப் பாருங்கள். திரையில் காலியாக இருக்கும் இடத்திலிருந்து டார்ச் வெளிச்சம் அடிக்கும்.

சரி, பணம். ராடாரும் ஆட்களும் மோதல் வாய்ப்பைப் பாதியாக்கும் என்று வைப்போம் (இதைப் பைலட்டுகளிடம் கேளுங்கள், ராடார் விற்பவரிடம் கேட்காதீர்கள்). ஆண்டு வாய்ப்பு 0.05-லிருந்து 0.025 ஆகிறது. 4 கோடியை 0.025-ஆல் வகுத்தால் 160 கோடி. ஒரு மோதலின் நட்டம் அதைத் தாண்டுமா என்று மேலிடத்தைக் கேளுங்கள்.

நட்டத்தில் எதெல்லாம் சேரும்? 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. சிந்தியது சரக்குகூட இல்லை, கப்பலின் சொந்த எரிபொருள். தார் மாதிரி கரையில் ஒதுங்கிய அதை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். மீன் வாங்க ஜனம் பயந்தது. கப்பல் பழுதும் துறைமுகம் முடங்கிய நாட்களும் எல்லாருடைய பட்டியலிலும் இருக்கும். விற்காத மீன் யாருடைய பட்டியலிலும் இருக்காது. நீங்கள் சேருங்கள். ஓர் உயிரிழப்பைத் தடுக்க எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு, சர்வதேச கடல்சார் அமைப்பின் வழிகாட்டி 30 லட்சம் டாலரை அளவுகோலாகக் காட்டுகிறது. கேட்க ஒரு மாதிரிதான் இருக்கும், ஆனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பூஜ்யம் என்று போட்டதாகிவிடும்.

அதே தாளில் மலிவான மாற்று ஒன்றையும் போடுங்கள்: ஒரு கப்பல் வெளியேறி முடியும்வரை அடுத்ததை வாய்க்காலுக்கு வெளியே நிறுத்திவைப்பது. காத்திருப்பு நேரம்தான் செலவு. உங்கள் போக்குவரத்துக்கு அதுவே போதுமென்று கணக்கு சொன்னால், 4 கோடியைக் கேட்காதீர்கள்.