ரோட்டரி எஞ்சினா? முதலில் கம்ப்ரஷனைப் பாருங்கள்

கேள்வி: 2004 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று மலிவாகக் கிடைத்து வாங்கிவிட்டேன். ஆறு கியர் மேனுவல், 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எக்ஸாஸ்டை மாற்று, டர்போ போடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நானே கையால் வேலை செய்து பழக ஆசை. எங்கிருந்து தொடங்கலாம் அண்ணா?
- ஒரு வாசகர், சிட்னி

பதில்: டர்போவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் தம்பி. உங்கள் ஆர்எக்ஸ்-8-ல் இருப்பது ரோட்டரி எஞ்சின், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டார்கள் இரண்டு உள்ளே சுற்றும். இந்த வாரம் உங்களுக்கு ஒரே வேலைதான், கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது எஞ்சின் உள்ளே காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது. சாதாரண வண்டிகளுக்கு வைத்திருக்கும் கேஜ் இதற்கு உதவாது. ஒரு ரோட்டாரில் மூன்று முகங்கள், மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும், அது இருக்கும் பட்டறையாகத் தேடிப் போங்கள். மொத்தம் ஆறு எண்கள் கையில் வரும். ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றும் வேகத்தை 250 ஆர்பிஎம் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றும் 680 கிலோபாஸ்கலுக்கு மேல் இருக்க வேண்டும், நல்ல எஞ்சின் என்றால் 830-ஐ ஒட்டி நிற்கும். ஒரே ரோட்டாரின் மூன்று எண்களுக்குள் 150-க்கு மேல் வித்தியாசம் வந்தால் ரோட்டாரைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் சீல்களில் ஏதோ ஒன்று போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நன்றாக ஓடிச் சூடான பிறகு அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் இழுத்து இழுத்துப் பிடிக்கிறதா? அதுவும் கம்ப்ரஷன் குறைந்ததற்கு அடையாளம்தான்.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், நான் முதலில் வைத்திருந்தது ஒரு டர்போ ஆர்எக்ஸ்-7, அதுவும் ரோட்டரிதான். வாங்கிய மூன்றாவது மாதமே பெரிய எக்ஸாஸ்ட் மாட்டினேன், வண்டியில் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், அதைக் காட்டும் கேஜ் கூட இல்லை. எக்ஸாஸ்டில் அடைப்பு குறைந்ததும் பூஸ்ட் தானாக ஏறியது, அந்த அளவு காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை, பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் வந்து ஒரு ஏபெக்ஸ் சீல் உடைந்தது. ரோட்டார் முனையில் இருக்கும் அந்தச் சீல் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். உடைந்த துண்டு, ரோட்டார் சுற்றும் கூடான ஹவுசிங்கைக் கீறிவிட்டு எக்ஸாஸ்ட் வழியாக டர்போவுக்குள் போய் அதையும் கெடுத்தது. ஒரு கேஜ் வாங்காமல் மிச்சம் பிடித்த காசுக்கு ஒரு எஞ்சினையே கொடுத்தேன்.

உங்கள் வண்டியில் டர்போ இல்லை, அதனால் எக்ஸாஸ்ட் மாற்றினால் இந்த ஆபத்து வராது, ஆனால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான். அந்தப் பணத்தை, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில்களில் போடுங்கள். ஆர்எக்ஸ்-8-ல் அவை சீக்கிரம் பலவீனமாகும். காயில் சரியாகப் பொறி தராவிட்டால் எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரியும், கன்வர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டால் வெப்பம் எஞ்சின் பக்கமே திரும்பும். நாலையும் ஒன்றாக மாற்றுங்கள், கூடவே பிளக்கும். ஒரு ரோட்டாருக்கு இரண்டு பிளக், கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். இரண்டும் வேறு வேறு, இடம் மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

அடுத்தது சூடு. டாஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளை நம்ப வேண்டாம், கூலன்ட் எவ்வளவோ ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன ரீடரைச் செருகி உண்மையான எண்ணைப் பாருங்கள். 105 டிகிரியைத் தொட்டால் காலைத் தளர்த்துங்கள். முன் பம்பரின் மூலைகளில் ஆயில் கூலர்கள் இருக்கும், அவற்றில் சருகும் பூச்சியும் அடைந்து கிடக்கும், குழாயை வைத்து மெதுவாகக் கழுவுங்கள். இந்த எஞ்சினில் அலுமினிய ஹவுசிங்கும் இரும்புத் தட்டுகளும் சாண்ட்விச் மாதிரி அடுக்கி நீள போல்ட்டுகளால் இறுக்கியிருக்கும், ஒருமுறை நன்றாகக் கொதித்தால் நடுவில் இருக்கும் தண்ணீர் சீல்கள் போய்விடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை, கூலன்ட் குறைகிறது என்றால் அதுதான்.

கையால் பழக வேண்டும் என்றீர்களே, அதற்கு ஒரு செத்த 13பி, அதாவது உங்கள் வண்டியில் இருக்கும் வகை ரோட்டரி எஞ்சினை வாங்கிப் பிரியுங்கள். வால்வு கிடையாது, கேம் கிடையாது, இரண்டு ரோட்டாரும் ஒரு எக்சென்ட்ரிக் ஷாஃப்டும்தான் உள்ளே சுற்றுபவை. ஃப்ளைவீல் நட் 54 மில்லிமீட்டர், ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டினால்தான் அசையும். நீள போல்ட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹவுசிங்கின் உட்புறக் குரோம் ஓரத்தில் உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், ஒரு எஞ்சின் எப்படிச் செத்தது என்பது அங்கேயே எழுதியிருக்கும். 1960-களில் ஹிரோஷிமாவில் மாஸ்டா எஞ்சினியர் கெனிச்சி யமாமோட்டோவின் குழு இந்த ஹவுசிங்கில் விழுந்த வரிவரியான தடங்களோடுதான் வருடக்கணக்கில் போராடியது, சாத்தானின் நகக்கீறல் என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் செய்த பிறகுதான் 1967-ல் மாஸ்டாவின் முதல் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

இதெல்லாம் முடிந்த பிறகும் டர்போ ஆசை இருந்தால், நியூ சவுத் வேல்ஸில் அதற்கு எஞ்சினியர் சான்றிதழ் வேண்டும், அவரிடம் பாகங்கள் வாங்கும் முன்பே பேசுங்கள். ரோட்டரி தெரிந்த டியூனர் கிடைக்கும்வரை ஒரு போல்ட்டைக் கூடத் தொடாதீர்கள்.

கேள்வி: என் மகன் தன் ஆர்எக்ஸ்-8 பெட்ரோல் டேங்கில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றுகிறான். கேட்டால் நல்லதுதான் அம்மா என்கிறான். போன வாரம் அந்த வண்டியைப் பத்தடி நகர்த்தி நிறுத்தினேன், மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை, என்னால்தான் கெட்டது என்கிறான். உண்மையா?
- ஒரு வாசகி, மெல்பர்ன்

பதில்: இரண்டிலும் பையன் சொல்வது சரி அம்மா. இந்த எஞ்சினில் சீல்களை நனைக்க ஒரு சின்ன பம்ப் எஞ்சின் ஆயிலையே உள்ளே விடுகிறது, அதனால் ஆயில் குறைவது இயல்பு, இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை டிப்ஸ்டிக் பார்க்கச் சொல்லுங்கள். டூ-ஸ்ட்ரோக் ஆயில் எரிவதற்காகவே செய்தது, கரி குறைவாக விடும். பம்ப் ஒழுங்காக இருந்தால் 50 லிட்டருக்கு 200, 250 மில்லி போதும்.

குளிர்ந்த எஞ்சினை ஓட்டிச் சூடாகும் முன்பே அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கி பிளக்கை நனைத்துவிடும். ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் அதுதான், ஆனால் எஞ்சின் கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்தபடி பத்து விநாடிக்கு மேல் போகாமல் ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள், அப்போது பெட்ரோல் வராது, காற்று மட்டும் போய் உள்ளே காயும். அப்புறம் காலை எடுத்துவிட்டு வழக்கம்போல ஸ்டார்ட் செய்யலாம். இனி நகர்த்த வேண்டியிருந்தால் முள் நடுவுக்கு வரும்வரை ஓட விட்டு அணையுங்கள்.

கேள்வி: மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இங்கே ரோட்டரி காரைப் பார்த்ததே இல்லை. எப்படிக் கற்பது?
- ஒரு மாணவர், கோவை

பதில்: மாஸ்டா கார்கள் இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கே வரவில்லை, நம் ஊருக்கு வந்தது ஸ்வராஜ் மாஸ்டா லாரியும் வேனும்தான். ஆனால் உங்கள் தெருவில் ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ்100 டூ-ஸ்ட்ரோக் பைக் இருக்குமே, அதைப் பிரியுங்கள். வால்வு இல்லாமல் காற்று போய்வரும் துளையான போர்ட் திறந்து மூடுவது, ஆயில் சேர்ந்து எரிவது, போர்ட்டைக் கொஞ்சம் அகலமாக்கினால் சக்தி எந்த ஆர்பிஎம்முக்கு நகர்கிறது என்பது, எல்லாம் அதிலேயே புரியும். கல்லூரியில் 3டி பிரின்டர் இருந்தால் ஒரு மாதிரி செய்யுங்கள். ரோட்டாரின் உள் கியர் 51 பல், நடுவில் அசையாமல் நிற்கும் கியர் 34 பல். ரோட்டார் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றுவதை உங்கள் விரலாலேயே திருப்பிப் பார்க்கலாம்.