லண்டனிலிருந்து பாத் நகரம்: ஒரு நாள் போதுமா, இரவு தங்க வேண்டுமா?

ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான அப்பா அம்மாவை பாத் நகரத்துக்கு அழைத்துப் போக வேண்டும், ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தையும் சேர்த்து ஒரே நாளில் காட்டும் பஸ் டூர் போதுமா, ஓர் இரவு தங்குவது காசுக்குக் கேடா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்குங்கள். அவ்வளவுதான் பதில். மிச்சத்தை நேரம் இருந்தால் படியுங்கள்.

இந்த மாதிரிப் பயணக் கேள்விகளுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. ஆனால் எனக்கு முன்னால் ஒருவர், "பாசி பிடித்த ஒரு குளம், நாலு பழைய கட்டடம், அரை நாளே அதிகம்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு ஆமாம் போட்டவர்கள் எண்ணிக்கையைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. அந்த ஊரை அரை நாளில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள், இத்தனை மணிக்குத் திரும்பி வந்துவிடு என்பார்கள். அப்பாவுக்குக் கழிப்பறை தேட ஒரு நேரம், டிக்கெட் வரிசைக்கு ஒரு நேரம். அப்புறம் குளம் பாசியாகத்தான் தெரியும்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன், தவறென்றால் மன்னியுங்கள். பெற்றோர் விசிட்டர் விசாவில் வந்திருப்பார்கள். உங்களுக்கு லீவு கொஞ்சம்தான். வீட்டில் ஒருவர், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருப்பார். எங்கள் வீட்டில் அது என் வீட்டுக்காரர். அவர் பட்டியலில் பாத், ஸ்டோன்ஹெஞ்ச், வின்ட்ஸர் மூன்றும் ஒரே நாளில் இருந்தன. அத்தைக்கு முழங்கால் வலி என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

நாங்கள் இருப்பது ரெடிங்கில். லண்டன் பாடிங்டனிலிருந்து பாத் போகும் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. பாடிங்டனிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம், எங்களுக்கு ஒரு மணி நேரம். காரை எடுக்காதீர்கள். உள்ளே வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். கார்தான் வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே லான்ஸ்டவுன், நியூபிரிட்ஜ், ஆட் டவுன் ஆகிய மூன்று இடங்களில் பார்க் அண்ட் ரைடு இருக்கிறது, அங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் போய்விடலாம். ரயில் நிலையத்திலிருந்து அபே தேவாலயம் வரை சமதரைதான், அத்தையே கைத்தடி இல்லாமல் நடந்துவிட்டார்.

ஞாயிறு இரவு தங்குவது நல்லது. வெள்ளி, சனி வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும், ஞாயிறு இரவு இறங்கிவிடும். டிசம்பர் முன்பாதியில் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆனால் ஞாயிறு என்றால் எனக்கு ஒரு சங்கடம். காலையில் நான் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன், சம்பளம் இல்லாமல். பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடியும். முக்கால் மணி நேரம் கழித்து, கையில் சூப்பர்மார்க்கெட் பையோடு, "சாரி டீச்சர், டிராஃபிக்" என்று வருகிற பெற்றோர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் டிராஃபிக்? இவர்களேதான் ஆண்டு விழாவன்று, "என் பையனுக்கு இன்னும் ழகரம் வரவில்லையே" என்று குறைபட்டுக்கொள்வார்கள். அன்றும் ஒரு குழந்தையோடு காத்திருந்து, நாங்கள் பிடிக்க வேண்டிய ரயில் போயே போய்விட்டது. சரி, அதை விடுங்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது மாலையில். அதுவே நல்லதாயிற்று. டூர் பஸ்கள் கிளம்பிப் போனபின் அந்த ஊர் வேறு ஊராகிவிடுகிறது. புல்ட்னி பாலம் வரை மெல்ல நடந்தோம். ராபர்ட் ஆடம் வரைந்து, 1774-ல் கட்டி முடிந்த பாலம், இருபுறமும் கடைகள். மேலே நடக்கும்போது ஏதோ கடைத்தெரு என்றுதான் நினைப்போம், பாலம் என்றே தெரியாது. கீழே இறங்கி ஏவன் ஆற்றங்கரையிலிருந்து பார்த்தால்தான் மூன்று வளைவுகளும், படிப்படியாக விழும் தடுப்பணைத் தண்ணீரும் தெரியும். அத்தை அங்கே பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தார். பட்டியல்காரர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ரோமானியக் குளியலகம் திறந்தவுடனே உள்ளே போய்விட்டோம். அந்தப் "பாசிக் குளம்" இதுதான். ரோமானியர் காலத்தில் அதற்கு மேலே பெரிய கூரை இருந்தது. இப்போது வெயில் நேராகப் படுவதால் பாசி பிடித்துப் பச்சையாக இருக்கிறது, அடியில் அவர்கள் விரித்த ஈயத் தகடுகள் இன்னும் கிடக்கின்றன. சுற்றிலும் மேலே நிற்கும் சிலைகள் விக்டோரியா காலத்தவை, அவற்றைப் படமெடுத்து "இரண்டாயிரம் வருடச் சிலை" என்று போடாதீர்கள். மென்டிப் மலைகளில் பெய்த மழை சுண்ணாம்புப் பாறைக்குள் ஆழமாக இறங்கி, அங்கே சூடாகி, பிளவு வழியாக மேலேறி வருகிறது. ஊற்றில் 46 டிகிரி, நாளொன்றுக்கு பத்து லட்சம் லிட்டருக்கும் மேல். அந்தக் கல் விளிம்பில் நின்றால் முகத்தில் ஆவி அடிக்கும்.

அதில் குளிக்க முடியாது என்பது உண்மைதான். 1978-ல் அந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி, மூளையைத் தாக்கும் அமீபாத் தொற்றில் இறந்துபோனாள். அதோடு பொதுக் குளியல் நின்றது. இது தெரியாமல் "டிக்கெட் வாங்கியும் குளிக்க விடவில்லை" என்று ஒரு நட்சத்திரம் கொடுப்பவர்களை என்ன சொல்ல?

அத்தைக்கு அங்கே பிடித்தது குளம் அல்ல, சாபத் தகடுகள். ஏறக்குறைய 130 கிடைத்திருக்கின்றன. திருட்டுக் கொடுத்தவர்கள் மெல்லிய ஈயத் தகட்டில் புகாரைக் கீறி, மடித்து, சுலிஸ் மினர்வா தேவியின் ஊற்றுக்குள் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் குளிக்கப் போன இடத்தில் களவு போன மேலங்கி, துணிமணி, சில்லறைக் காசு. டோசிமெடிஸ் என்ற ஒருவர் இரண்டு கையுறைகளைத் தொலைத்துவிட்டு, எடுத்தவனுக்குப் புத்தி பேதலித்துக் கண்ணும் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கையுறைக்கு! நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல அத்தை, "நம்ம பக்கம் காசு வெட்டிப் போடுற மாதிரிதான்" என்று ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாக நின்று பார்த்தார். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. டூரில் போயிருந்தால் அந்த அறையை வேக நடையில் தாண்டியிருப்போம்.

அபேயின் முகப்பில் கல் ஏணிகளில் தேவதைகள் ஏறிக்கொண்டிருப்பார்கள், ஒன்றிரண்டு தலைகீழாக இறங்கிக்கொண்டும் இருக்கும். உள்ளே நுழையும்போது அத்தை பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார். வேண்டாம், குளிருமென்று சொன்னேன். தரை வெதுவெதுப்பாக இருந்தது! வெந்நீர் ஊற்றின் சூட்டைக் கொண்டே இப்போது தரையைச் சூடாக்குகிறார்களாம். ஒரு பாதிரியார் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்தது சர்க்கஸ். வட்டமாக நிற்கும் வீட்டு வரிசை அது. 1754-ல் மூத்த ஜான் வுட் தொடங்கி, அதே ஆண்டு இறந்துபோக, மகன் முடித்தார். வீடுகளின் உச்சியில் கல்லில் ஓக் மரத்துக் காய்கள். பிளாடட் என்ற இளவரசனின் தொழுநோய், பன்றி மேய்க்கும்போது இந்த வெந்நீர் ஊற்றுச் சேற்றில் புரண்டு தீர்ந்தது என்று ஊர்க்கதை, பன்றிக்குத் தீனி அந்தக் காய். கே ஸ்ட்ரீட் வழியாக ஏறினால் மூச்சு வாங்கும், பெற்றோரை டாக்ஸியில் ஏற்றிவிடுங்கள்.

அங்கே 14-ஆம் எண் வீட்டில் ராபர்ட் கிளைவ் இருந்தார் என்று ஒரு பலகை. அத்தை பிறந்தது ராணிப்பேட்டையில், பாலாற்றுக்கு அக்கரையில் ஆற்காடு. அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. 1751 ஆற்காட்டு முற்றுகையை வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியவர். பலகையைப் படித்துச் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார். "இவனா? எங்க ஊர்க் கோட்டைக்குள்ள உக்காந்து அம்பது நாள் ஆட்டம் காட்டினவனா?" என்றார். பிறகு வீட்டை மேலும் கீழும் பார்த்து, "நல்லாத்தான் கட்டியிருக்காங்க. எங்கெங்க போய்ச் சேர்ந்திருக்கு பாரு நம்ம காசு." கிளைவ் பெரும்பணம் சேர்த்தது வங்காளத்தில்தான் என்று என் வீட்டுக்காரர் திருத்தப் போனார். ஆசிரியையிடம் அது எடுபடவில்லை, ஆற்காடு இல்லாமல் வங்காளம் எங்கே என்று நடுத்தெருவில் ஒரு பாடம் நடந்தது.

"வெள்ளைக்காரன் கட்டடத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறாள்" என்று கருத்து எழுதக் கிளம்புகிறவர்களுக்கு இதுதான் என் பதில். அபே சுவர்களில் உள்ள நூற்றுக்கணக்கான நினைவுக் கற்களைப் படியுங்கள், கரும்புத் தோட்டத்து அடிமைப் பணமும் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணமும் பெயர் பெயராக எழுதியிருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டே அழகையும் பார்க்கலாம், கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

ராயல் கிரெசன்ட்: பிறை வடிவில் 30 வீடுகள், 1767 முதல் 1775 வரை கட்டியது, மகன் வுட்டின் வேலை. படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் எதிரே மேல் புல்வெளி அங்கு குடியிருப்பவர்களுக்கு, பள்ளமான ஒரு சுவருக்குக் கீழே உள்ளது எல்லோருக்கும். கீழே உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போயிருந்த புளிசாதத்தைப் பிரித்தோம். வெளிநாட்டிலும் போய்ப் புளிசாதமா என்று எங்கள் சொந்தத்திலேயே கேலி செய்பவர்கள் உண்டு. சைவம் சாப்பிடும் எழுபது வயதுக்காரருக்கு மூன்று வேளையும் சீஸ் சாண்ட்விச் கொடுத்துப் பார்க்கட்டும், பிறகு பேசலாம். ஊரின் பெயர்பெற்ற சாலி லன் பன்னையும் அத்தை சாப்பிட்டார், "பெரிய பன்னு" என்பதோடு முடித்துக்கொண்டார்.

அன்று மாலை தெர்மே பாத் ஸ்பா. 2006-ல் திறந்தது, அதே ஊற்றுகளின் நீர், சுத்திகரித்தது. மொட்டை மாடியில் வெந்நீர்க் குளம், சுமார் 33 டிகிரி. பதினாறு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, எனவே குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்று முன்பே பேசிவிடுங்கள். வார நாளில் கட்டணம் குறைவு. அத்தைக்காக முழங்கால் வரை மூடும் நீச்சலுடை ஒன்று முன்கூட்டியே வாங்கியிருந்தேன். "இந்த வயசுல இதெல்லாம் என்னம்மா" என்றவர், இரண்டு மணி நேரம் முடிந்து கூப்பிட்டபோதும் வெளியே வரவில்லை. காசு இருப்பவள் பேச்சு என்பீர்கள். ஸ்பா மலிவு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். டூர் பஸ்ஸுக்கு நாலு பேருக்குக் கொடுப்பதையும் அறை வாடகையையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். அதற்கும் முடியாதென்றால் ரோமானியக் குளியலகத்தை ஒட்டிய பம்ப் ரூம் உணவகத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கலாம், வெதுவெதுவென்று ஒரு மாதிரி இருக்கும். ஒரு மடக்கு போதும்.

அப்பாவுக்கு அறிவியலில் ஆர்வம் என்றால் நியூ கிங் ஸ்ட்ரீட் 19-ல் இருக்கும் ஹெர்ஷல் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இசைக்கலைஞரான வில்லியம் ஹெர்ஷல், 1781-ல் அந்த வீட்டுத் தோட்டத்தில் நின்று, தானே செய்த தொலைநோக்கியில் யுரேனஸைக் கண்டார். கண்ணாடி வார்க்க உருக்கிய உலோகம் கொட்டி வெடித்த தரைக்கல் இன்னும் இருக்கிறது.

கடைசியாக, காசில்லாமல் ஒன்று. அபே வாசலில் மேயரின் தன்னார்வ வழிகாட்டிகள் இலவசமாக ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள், டிப்ஸ்கூட வாங்குவதில்லை. நேரத்தை அன்று காலையில் பார்த்துக்கொள்ளுங்கள். நடை அதிகம், எனவே முழங்கால்காரர்களை பம்ப் ரூமில் தேநீரோடு உட்கார வைத்துவிட்டு நீங்கள் போங்கள். ஸ்டோன்ஹெஞ்சை வேறொரு நாளைக்குத் தள்ளுங்கள், சாலிஸ்பரி ரயில் நிலையத்திலிருந்தே அதற்கு பஸ் இருக்கிறது.