வாசகர் கேள்வி: சொறியும் பவளமும் ஒரே தொகுதியா?

கேள்வி: நீரில் மிதந்து திரியும் ஜெல்லிமீனையும் கல்லைப் போல அசையாதிருக்கும் பவளத்தையும் விலங்கியல் ஒரே தொகுதியில் வைத்திருப்பது ஏன்? (வாசகி ஒருவர், இராமநாதபுரம்)

பதில்: அவற்றை இணைக்கும் ஒற்றுமை வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் கடற்கரைகளில் சொறி என்று வழங்கும் ஜெல்லிமீன், பவளம், கடற்சாமந்தி, குளத்து நீரில் வாழும் ஹைட்ரா ஆகிய அனைத்துக்கும் கொட்டும் செல்கள் உண்டு. அத்தகைய செல்லினுள் நுண்ணிய பை ஒன்றும், அதற்குள் சுருண்டு கிடக்கும் உள்ளீடற்ற நூல் ஒன்றும் இருக்கின்றன. ஹைட்ராவில் இந்தப் பையின் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு. இரை உரசியதும் மூடி திறக்க, நூல் உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு பாய்ந்து நஞ்சைச் செலுத்துகிறது. இச்செல்லே நிடேரியா தொகுதியின் அடையாளம். முன்பு இவற்றோடு சேர்த்துக் குழியுடலிகள் எனப்பட்ட சீப்பு ஜெல்லிகள், பார்வைக்கு ஜெல்லிமீனை ஒத்திருந்தும், கொட்டும் செல்லுக்குப் பதிலாக ஒட்டும் செல்லைக் கொண்டிருப்பதால் தனித் தொகுதியாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

இரண்டாவது சான்று வாழ்க்கைச் சுழற்சியில் கிடைக்கிறது. பாடநூல்கள் இதற்கு இன்னும் கூடுதல் இடம் தரலாம் என்பது என் எண்ணம். நிலா ஜெல்லி எனப்படும் ஆரேலியாவின் கருமுட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணிய இளவுயிரி, சில காலம் நீந்தியபின் பாறை போன்ற கெட்டியான பரப்பில் ஒட்டிக்கொண்டு, வாயும் உணர்கொம்புகளும் மேல்நோக்கிய சிறு பாலிப்பாக வளர்கிறது. அந்த நிலையில் அதைக் காண்பவர் குட்டிக் கடற்சாமந்தி என்றே கருதக்கூடும். பின்னர் பாலிப்பின் உடல் குறுக்கே வரிவரியாகப் பிளவுபட, ஒவ்வொரு வட்டும் பிரிந்து நீந்திச் சென்று குடை வடிவ ஜெல்லிமீனாகிறது. குடை வடிவில் வாய் கீழ்நோக்கி அமைகிறது. பவளமும் கடற்சாமந்தியும் இந்தக் குடைப் பருவத்தை அடைவதே இல்லை. பாலிப்பாகவே வளர்ந்து, பாலிப்பாகவே முட்டையும் விந்தும் உண்டாக்குகின்றன. பாறையை உருவாக்கும் பவளங்களில் அப்பாலிப்புகள் தமக்கடியில் கால்சியம் கார்பனேட்டைப் படியவைக்கின்றன. நாம் கல் என்று காண்பது அந்தப் படிவத்தையே, உயிர் அதன்மேல் படர்ந்த மெல்லிய திசுவில் இருக்கிறது.

கேள்வி: கரையில் செத்து ஒதுங்கிய சொறியைக் கையால் எடுக்கலாமா? (வாசகர் ஒருவர், கடலூர்)

பதில்: கூடாது. கொட்டும் செல் இயங்குவதற்கு விலங்கு உயிரோடு இருக்க வேண்டியதில்லை. ஈரமுள்ள உணர்கொம்பு தோலில் பட்டாலே போதும். கொட்டிவிட்டால் அந்த இடத்தைத் தேய்க்காமலும், மீதமுள்ள பைகளையும் வெடிக்கச் செய்யக்கூடிய நன்னீரை ஊற்றாமலும், கடல்நீரால் கழுவ வேண்டும். மூச்சுத் திணறலோ மயக்கமோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: தீப்பவளம் உண்மையான பவளம் அன்று என்கிறார்களே? (கல்லூரி மாணவர், தூத்துக்குடி)

பதில்: சரியே. மில்லிபோரா என்னும் தீப்பவளம் கடினமான சுண்ணக் கூட்டைக் கட்டினாலும், பவளங்களின் வகுப்பான ஆந்தோசோவாவைச் சேர்ந்ததன்று. அது ஹைட்ராவின் வகுப்பான ஹைட்ரோசோவாவைச் சேர்ந்தது. பவளங்களுக்கு இல்லாத குடைப் பருவம், மிகச் சிறிய அளவிலும் குறுகிய ஆயுளோடும், தீப்பவளத்துக்கு உண்டு என்பது இதை உறுதிப்படுத்துகிறது. ஆயினும் வாழிடத்தில் இரண்டுக்கும் நெருக்கம் அதிகம். பாறை கட்டும் பவளங்களைப் போலவே தீப்பவளமும் தன் திசுக்களில் ஒற்றைச் செல் பாசிகளை இடமளித்துக் காத்து, அவை ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவில் பங்கு பெறுகிறது. நீர் அளவுமீறிச் சூடாகும்போது அப்பாசிகளை இழந்து வெளிறுகிறது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டு பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டபோது, தீப்பவளமும் தனிப் பெயருடன் சேர்க்கப்பட்டது. ஆகவே, மன்னார் வளைகுடாவில் அதை உடைத்து எடுப்பதும் பவளத்தை எடுப்பதைப் போன்ற குற்றமே.